சின்னத் தறியில் ஓர் ஈரிழைத் துண்டு

அடுப்படியில் கிடக்கும் கைத்துண்டு அளவுக்கு உழைக்கிற துணி வீட்டில் வேறு இல்லை. குக்கர் மூடியைப் பிடிக்கிறது, கழுவிய தட்டைத் துடைக்கிறது, மேடையில் சிந்திய பாலை உறிஞ்சுகிறது, கடைசியில் கரித்துணியாகியும் ஒரு வருடம் ஓடுகிறது. ஆனால் கடையில் நாம் கடைசியாக, விலையை மட்டும் பார்த்து எடுப்பது அதைத்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீரைக் குடிக்காது, மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். நெசவு பழக ஆசைப்பட்டு ஒரு மேசைத் தறி வாங்கியபோது, முதலில் இந்தத் துண்டைத்தான் நெய்வது என்று முடிவு செய்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். அளவு சின்னது, நெய்து முடித்த வாரமே பயனுக்கு வந்துவிடும்.

நாம் நெய்யப்போவது ஈரிழைத் துண்டு. பாவிலும் ஊடையிலும் இரண்டிரண்டு இழைகளைச் சேர்த்து ஓர் இழையாக ஓட்டுவதால் அந்தப் பெயர். கேரளத்தில் ஈரிழைத் தோர்த்து என்பார்கள். அந்த இரண்டு இழைகளும் ஒன்றோடொன்று முறுக்கப்படாமல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பதால் துணி மெத்தென்று இருக்கும், தண்ணீரை நன்றாக இழுக்கும். சின்னத் தறிக்கும் இது பொருத்தம். மெல்லிய நூலுக்கு, இழைகளைப் பிரித்துப் பிடிக்கிற அச்சு நெருக்கமாக இருக்க வேண்டும், அது சின்னத் தறிகளில் கிடைப்பதில்லை. இழையை இரட்டித்தால் அந்தக் கவலை இல்லை.

இரண்டு சொற்களை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்வோம். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. அதற்குக் குறுக்கே போய் வருவது ஊடை.

தறி

ஆணி அடித்த மரச்சட்டத்தில் நூலைச் சுற்றி, ஊசியால் கோத்து நெய்கிற தறியைப் பலர் பார்த்திருப்பீர்கள். டம்ளர் வைக்கும் விரிப்புக்கு அது போதும். துண்டுக்கு உதவாது, சட்டத்தின் நீளத்துக்கு மேல் துணி வராது. நமக்கு வேண்டியது முன்னும் பின்னும் ஒவ்வோர் உருளை உள்ள தறி. பின் உருளையில் பாவு சுற்றியிருக்கும். நெய்த துணி முன் உருளையில் சுற்றிக்கொண்டு போகும், பெரிய தறியில் இதைப் படமரம் என்பார்கள். கடைகளில் ‘ரிஜிட் ஹெட்டில் தறி’ என்று கேட்டால் இதைத்தான் காட்டுவார்கள்.

பெரிய கைத்தறியில் விழுது தனி, அச்சு தனி. விழுது இழைகளை மேலும் கீழும் பிரிக்கும், அச்சு ஊடையைத் தள்ளி நெருக்கும். இந்தச் சின்னத் தறியில் இரண்டு வேலையையும் ஒரே சட்டம் செய்கிறது. அந்தச் சட்டத்தில் ஓர் இடுக்கு, ஒரு கண், ஓர் இடுக்கு, ஒரு கண் என்று மாறி மாறி இருக்கும். கண்ணில் கோத்த இழை சட்டத்தோடு ஏறி இறங்கும், இடுக்கில் இருக்கும் இழை அங்கேயே நிற்கும். சட்டத்தைத் தூக்கினால் இழைகளுக்கு நடுவே ஊடை போக ஒரு வழி திறக்கும், இறக்கினால் மறு வழி. மிதிப்பலகை கிடையாது, குழி வெட்ட வேண்டாம், சாப்பாட்டு மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டே நெய்யலாம். இனி அச்சு என்று நான் சொல்வதெல்லாம் இந்தச் சட்டத்தைத்தான்.

20 அங்குல அகலத் தறியும், அங்குலத்துக்கு 12 இழை பிடிக்கிற அச்சும் வாங்குங்கள். 12 என்பது இடுக்கையும் கண்ணையும் சேர்த்த கணக்கு. கூடவே ஊடை நூலைச் சுற்றிக் குறுக்கே அனுப்பத் தட்டை நாடா இரண்டு, நூலை இழுக்க ஒரு கொக்கி, மேசையோடு தறியை இறுக்க இரண்டு கிளாம்ப் வேண்டும். நாடாவை வழவழப்பான மரப்பட்டையில் இரு முனையிலும் பள்ளம் வெட்டி நீங்களே செய்துகொள்ளலாம். ஆனால் பிசிறு இல்லாமல் தேய்த்துவிடுங்கள், ஒரு சின்னச் சிராய் போதும் இழையைப் பிடித்துக்கொள்ள.

நூல்

நூல் கடையில் 2/10, 2/20, 2/40 என்று சொல்வார்கள். முதல் எண் எத்தனை புரி சேர்த்து முறுக்கியது என்பதற்கு. இரண்டாவது எண் நூல் எவ்வளவு மெல்லியது என்பதற்கு, எண் கூடக்கூட நூல் மெலியும். ஒரு பவுண்டு ஒற்றைப்புரி நூலில் 840 கெஜம் நீளமுள்ள நூற்கட்டு, அதாவது சிட்டம், எத்தனை வருகிறதோ அதுதான் அந்த எண். நமக்கு 2/10 பருத்தி நூல். இரண்டு புரி என்பதால் கிலோவுக்கு ஏறத்தாழ 8,400 மீட்டர் வரும். ஈரோடு, கரூர், சேலம், மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு நூல் கடை தேடுவது கஷ்டமில்லை. கரூர் சமையலறைத் துண்டும் மேசை விரிப்பும் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஊர், இந்த ரக நூல் அங்கே சாதாரணம்.

வாங்கும் முன் மூன்று சோதனை செய்துவிடுங்கள். முதலாவது, சுத்தப் பருத்தியா என்பது. ஒரு துண்டு நூலைக் கொளுத்தினால் பருத்தி காகிதம் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும், விரலால் தேய்த்தால் காணாமல் போகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, நுனியில் கறுப்பாக ஒரு கடினமான மணி நிற்கும். அந்த நூல் துண்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது, பருமன். இரண்டு இழையைச் சேர்த்து ஸ்கேலில் ஓர் அங்குலத்துக்கு நெருக்கமாக, நசுக்காமல் சுற்றுங்கள். 24 முதல் 28 சுற்று வந்தால் 12 அச்சுக்குச் சரி. சுற்று எண்ணிக்கையில் பாதிதான் பாவு இழையின் கணக்கு, மீதிப் பாதி இடத்தில் ஊடை உட்காரும். பாதிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் துண்டுக்குக் கெடுதி இல்லை, துவைத்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும். வேறு நூல் கிடைத்தாலும் இதே முறையில் அச்சைத் தீர்மானிக்கலாம்.

மூன்றாவது, சாயம். இதை நான் செய்யாமல் விட்டேன். ஒரு கடையில் வாங்கிய நல்ல சிவப்பு நூலைக் கரைக்கு வைத்து நெய்தேன். முதல் துவையலில் வெள்ளை உடம்பு முழுக்க ரோஜா நிறம் ஏறிவிட்டது. நான்கு நாள் வேலை. இப்போது எந்தச் சாய நூலாக இருந்தாலும் ஒரு முழம் வெட்டி, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பார்க்கிறேன். துணியில் சாயம் இறங்கினால் அது துண்டுக்கு ஆகாது. ‘வாட்’ சாயம் என்று கேட்டு வாங்கினால் பெரும்பாலும் பயமில்லை.

கோனாகக் கிடைத்தால் அப்படியே பயன்படுத்தலாம். சிட்டமாகக் கிடைத்தால் இரண்டு நாற்காலிகளை முதுகுக்கு முதுகு வைத்து அதில் மாட்டி, உருண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். சிட்டத்தின் கட்டுகளை மாட்டிய பிறகுதான் அவிழ்க்க வேண்டும். முன்னாலேயே அவிழ்த்தால் சிக்கெடுப்பதிலேயே அன்றைய பொழுது போய்விடும்.

கணக்கு

துவைத்து மடித்துத் தைத்த பிறகு 16 அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பாவில் இரண்டையும் நெய்துவிடலாம்.

நெய்யும்போது அகலம் கொஞ்சம் உள்ளே வாங்கும், துவைத்தால் இன்னும் சுருங்கும். 16 வேண்டுமென்றால் தறியில் 18 வைக்க வேண்டும். 18-ஐ 12-ஆல் பெருக்கினால் 216 இழை. நீளத்திலும் அப்படித்தான். மடித்துத் தைக்க இரண்டு அங்குலம், சுருக்கம் நான்கு அங்குலம் சேர்த்துத் துண்டுக்கு 30 அங்குலம் நெய்ய வேண்டும். இரண்டுக்கு 60. கை பழக 6. முன்னால் கட்டுவதற்கும், பின்னால் நெய்ய முடியாமல் மிஞ்சுவதற்கும் 24. மொத்தம் 90 அங்குலம், அதாவது ஏழரை அடி. அந்த 24 அங்குலம் வீண் என்று குறைத்துவிடாதீர்கள். குறைத்தால் இரண்டாவது துண்டு முக்கால் துண்டாக நிற்கும்.

பாவுக்கு 216 இழை, ஒவ்வொன்றும் 2.3 மீட்டர், ஏறக்குறைய 500 மீட்டர். ஊடைக்கு 400 மீட்டர். ஆக 900. இரட்டை இழை என்பதால் நூலாக 1,800 மீட்டர், எடையில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அரைக் கிலோ வாங்கினால் தாராளமாக வரும். உடம்புக்கு வெள்ளையையே இரண்டு கோனாகக் கேளுங்கள். கரைக்கு நீலமோ பச்சையோ நூறு கிராம் போதும்.

பாவு ஓட்டுதல்

இந்த ஒரு கட்டத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். துணி நன்றாக வருமா, கோணலாகுமா என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. ஊடையில் செய்த தப்பைப் பிரித்துவிடலாம். பாவில் செய்த தப்பு கடைசி அங்குலம் வரை கூடவே வரும்.

சேலத்திலும் ஈரோட்டுப் பக்கமும் நெசவாளர் குடியிருப்புகளில் பாவடி என்று ஓர் இடம் இருக்கும். பாவை முழு நீளத்துக்கு நீட்டி, கஞ்சி போட்டு, ஆற்றுவதற்கான வெளி அது. அதிகாலையில் வீட்டில் உள்ளவர்களெல்லாம் அங்கே வந்து இரண்டு பக்கமும் நின்று பிடிப்பார்கள். ஒற்றைப்புரி நூல் உராய்வு தாங்காமல் பிசிறும், அதனால் கஞ்சி வேண்டும். நம்முடையது இரண்டு புரி சேர்த்து முறுக்கிய நூல், கஞ்சி தேவையில்லை. ஆனால் பாவை நீட்டி, ஒரே இழுப்பில் பிடிக்கும் வேலை மட்டும் நமக்கும் உண்டு. தெருவுக்குப் பதில் கூடம் போதும்.

தறியை மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு அசையாமல் இறுக்குங்கள். பின் உருளையோடு கட்டியிருக்கும் குச்சியிலிருந்து அளந்து, தறிக்கு முன்னால் சரியாக 90 அங்குலத்தில் ஒரு முளை வேண்டும். இன்னொரு மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கிய கட்டையோ, நகராத கட்டில் காலோ போதும். தறியும் முளையும் நேர்கோட்டில் இருக்கட்டும். அச்சு நடு நிலையில். 20 அங்குல அச்சில் இரண்டு ஓரமும் ஓர் அங்குலம் விட்டு, உள்ளே 18 அங்குலத்தை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் 108 இடுக்கு, 108 கண் இருக்க வேண்டும்.

கோன்கள் இரண்டும் தறிக்குப் பின்னால், தரையில். உருண்டையாக இருந்தால் ஆளுக்கொரு சொம்பில் போடுங்கள், ஓடாது. இரண்டு நுனியையும் சேர்த்துப் பின் குச்சியில் முடிச்சுப் போடுங்கள். இனி இழை என்றால் இந்த இரட்டை இழைதான். முதல் இடுக்கு வழியாகக் கொக்கியை நுழைத்து, இழையை மடித்த நிலையில் முன்னால் இழுத்து, அந்த மடிப்பை முளையில் மாட்டுங்கள். திரும்பி வந்து, இழையைப் பின் குச்சியைச் சுற்றி அடுத்த இடுக்கில் அதே மாதிரி. குச்சிக்கு மேலாக ஒரு தடவை, கீழாக ஒரு தடவை. ஒவ்வோர் இடுக்கிலும் இரண்டு இழை இருக்கும். கண்ணை இப்போது தொட வேண்டாம். 108 தடவை நடந்தால் 216 இழை ஆகிவிடும்.

கரை வேண்டுமென்றால் முதல் ஆறு இடுக்கும் கடைசி ஆறு இடுக்கும் நீலம், நடுவில் வெள்ளை. நிறம் மாற்றும்போது பழைய இழையைப் பின் குச்சியிலேயே கட்டி நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள். முளைப் பக்கம் முடிச்சு வரக் கூடாது.

இழுப்பு எவ்வளவு? தொய்ந்து தொங்கவும் கூடாது, முளை வளையவும் கூடாது. அதைவிட முக்கியம், முதல் இழைக்கு இருந்த இழுப்பு கடைசி இழைக்கும் இருக்க வேண்டும். கம்பளி நூல் கொஞ்சம் நீண்டு கொடுத்துச் சரிக்கட்டும், பருத்தி அப்படிக் கொடுக்காது. நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள். காபி குடித்துவிட்டு வந்து தொடர்ந்தால்கூடக் கை வேறு மாதிரி இழுக்கிறது. சொந்த அனுபவம்.

அப்புறம் சுற்றுவது. இதற்கு இன்னோர் ஆள் வேண்டும். முளைக்குப் பக்கத்தில் பாவைச் சேர்த்து ஒரு கயிற்றால் கட்டிவிட்டு, முளையிலிருந்து கழற்றி, அவர் கையில் கொடுங்கள். அவர் மெதுவாக இழுத்துப் பிடித்தபடி உங்களை நோக்கி நடந்து வர, நீங்கள் பின் உருளையைச் சுற்ற வேண்டும். ஒரு சுற்று ஆனதும் பாவுக்கும் உருளைக்கும் நடுவே தாள் வைத்துச் சுற்றுங்கள். பழைய மாதக் காலண்டர் தாள் இதற்கென்றே செய்தது போல இருக்கும், பாவை விட இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் அகலமாக வெட்டிக்கொள்ளுங்கள். தாள் இல்லையென்றால் மேல் சுற்று இழை கீழ் சுற்றின் நடுவே அமுங்கும். அமுங்கிய இழை பயணம் செய்யும் தூரம் குறைந்து, பாதித் துண்டில் அது மட்டும் தொய்ந்து நிற்கும். முளையில் மாட்டியிருந்த முனை தறியின் முன்பக்கத்தைத் தாண்டி ஒரு முழம் தொங்கும்போது நிறுத்தி, மடிப்பை வெட்டிவிடுங்கள்.

கண்ணில் கோப்பது, கட்டுவது

ஒவ்வோர் இடுக்கிலும் இரண்டு இழை இருக்கிறதல்லவா, அதில் ஒன்றை எடுத்துப் பக்கத்துக் கண்ணில் கோக்க வேண்டும். எப்போதும் வலது பக்கக் கண் என்றால் கடைசி வரை வலதுதான். நமக்கு ஓர் இழை என்பது இரண்டு நூல், இரண்டையும் சேர்த்தே கண்ணில் இழுங்கள். பிரிந்து ஒன்று இடுக்கிலேயே தங்கிவிட்டால் துணியில் மெல்லிய கோடாகத் தெரியும். ஓர் அங்குலம் முடிந்ததும் நிறுத்தி, ஆறு இடுக்கு, ஆறு கண் என்று எண்ணிவிட்டு மேலே போங்கள். இதைப் பகல் வெளிச்சத்தில் செய்வது கண்ணுக்கு நல்லது.

கோத்து முடிந்ததும் 12 இழையாகச் சேர்த்து முன் குச்சியில் கட்ட வேண்டும். நடுக்கொத்து முதலில், பிறகு இரண்டு ஓரம், அப்புறம் மாற்றி மாற்றி நடுவை நோக்கி. குச்சியைச் சுற்றிக் கொண்டுவந்து, முதல் முடிச்சில் ஒரு முறைக்கு இரண்டு முறை சுற்றினால் வழுக்காமல் நிற்கும். இப்போதைக்கு அரை முடிச்சு மட்டும். எல்லாம் கட்டியபின் ஒரு சுற்று இறுக்கிவிட்டுத் தொட்டுப் பாருங்கள்.

எப்படித் தொடுவது என்பதை எனக்குக் காட்டியவர் என் அம்மா ஊரில், சென்னிமலைப் பக்கம், ஆயுள் முழுக்கப் போர்வை நெய்த ஒரு பெரியவர். நான் ஒவ்வொரு கொத்தையும் விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “விரல்ல என்ன கண்ணு தெரியும்? கையை விரிச்சு வெச்சுத் தடவு” என்றார். உள்ளங்கையை விரித்துப் பாவின் மேல் லேசாக அழுத்தி ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கொண்டுபோனார். நடுவில் ஓரிடத்தில் நின்றது கை. “இங்க தொய்வு.” நான் வைத்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான்காவது தடவை தெரிந்தது. மற்ற இடமெல்லாம் பலகை மாதிரித் தாங்க, அந்த ஓர் அங்குலம் மட்டும் கைக்கு வழிவிட்டது. அந்த முடிச்சை அவிழ்த்து இழுத்துக் கட்டினேன். தொய்ந்த கொத்துகளையெல்லாம் இப்படிச் சரிசெய்து, கை எங்கும் அமுங்காமல் ஓடுகிற வரை பார்த்த பிறகுதான் முடிச்சை முழுதாகப் போட வேண்டும். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

நெய்தல்

கொத்துக் கொத்தாகக் கட்டியதால் முன்னால் பாவு பிரிந்து பிரிந்து நிற்கும். முதலில் பழைய பருத்தித் துணியைக் கிழித்த கீற்றோ தடித்த நூலோ போட்டு ஓர் அங்குலம் நெய்யுங்கள். இடைவெளி மூடி, இழைகள் சமமாகப் பரவிவிடும். எந்த இழை தப்பாகக் கோத்திருந்தாலும் இங்கேயே தெரியும். இரண்டு இழை ஒன்றாகவே ஏறி இறங்கினால் அங்கே கண்ணில் தவறு. இப்போதே திருத்துங்கள்.

நாடாவில் இரண்டு நூலையும் சேர்த்துச் சுற்றுங்கள், ரொம்பக் குண்டாக வேண்டாம், வழிக்குள் நுழையாது. அச்சைத் தூக்கி நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அனுப்புங்கள். அச்சைப் பிடித்து உங்களை நோக்கி இழுத்து ஊடையை நெருக்குங்கள். அச்சை இறக்கி, நாடாவைத் திருப்பி அனுப்புங்கள். நெசவின் அசைவு இவ்வளவுதான். தொடக்கத்தில் நீட்டிவிட்ட இரண்டு அங்குல நுனியை மடித்து அடுத்த வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஓரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், புதியவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் அது. ஊடையை நேர்கோடாக இழுத்து வைத்தால், நெருக்கும்போது அது பாவின் மேலும் கீழும் வளைந்து போக நூல் போதாது. போதாத நூலுக்காக ஓரங்களை உள்ளே இழுக்கும். நம் கண்ணுக்கு ஓரம் நேராக இருப்பது போலவே தெரியும். என் முதல் துண்டு 18 அங்குலத்தில் தொடங்கி, நடுவில் 14 ஆகி, கடைசியில் பயந்துபோய்த் தளர்த்தியதில் மறுபடி 17 ஆனது. விரித்தால் உடுக்கை மாதிரி இருக்கும். இதற்கு மருந்து, ஊடையைச் சாய்வாக வைப்பது. ஓரத்தில் நூல் கரையைத் தொட்டு நிற்கட்டும், மறு முனை அச்சை நோக்கி மூன்று நான்கு அங்குலம் தள்ளிப் போகட்டும். அப்படியே நெருக்கினால் சாய்வில் இருக்கும் கூடுதல் நீளம் துணிக்குள் போய்விடும். இழுக்க வேண்டாம். ஓரத்தில் சின்ன வளையம் நீட்டிக்கொண்டு நின்றாலும் துவைத்ததும் பாதி அடங்கும், உள்ளே வாங்கிய அகலம் எதற்கும் திரும்பாது. முதல் 6 அங்குலம் கை பழக்கத்துக்கு என்று வைத்தோமே, அது முழுக்க இந்தச் சாய்வையே பழகுங்கள். ஒவ்வொரு நான்கு அங்குலத்துக்கும் டேப் வைத்து அகலத்தை அளங்கள். அரை அங்குலம் முக்கால் அங்குலம் குறைந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் கை இழுக்கிறது என்று பொருள்.

நெருக்குவதில் பலம் வேண்டாம். அங்குலத்துக்குப் பாவு 12 என்றால் ஊடையும் 12 இருந்தால் துணி இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். ஓங்கி அடித்தால் 18, 20 என்று ஏறி, துண்டு ஜமக்காளம் மாதிரி விறைக்கும். ஓர் அட்டையில் ஓர் அங்குலச் சதுரம் வெட்டி, துணிமேல் வைத்து அவ்வப்போது எண்ணிப் பாருங்கள். தறியில் பார்க்கும்போது வலை மாதிரி இடைவெளி தெரியும். பயந்து இன்னும் நெருக்காதீர்கள், அந்த இடைவெளியைத் தண்ணீர் மூடும்.

பழகியாயிற்று. இனி துண்டு. மடித்துத் தைக்கப்போகும் முதல் ஒன்றேகால் அங்குலத்தை ஒற்றை நூலால் நெய்யுங்கள். இரட்டை இழையில் நெய்ததை இரண்டு மடிப்பு மடித்தால் அந்த ஓரம் தடித்துத் தையல் இயந்திரத்தின் ஊசி திணறும். பிறகு இரட்டை இழையில் இரண்டு அங்குலம் வெள்ளை, 12 வரி நீலம், மறுபடி வெள்ளை. முடிவிலும் அதே மாதிரி நீலம் போட்டு, ஒற்றை நூலில் முடியுங்கள். நீளமான ஒரு தாள் கீற்றில் 30 அங்குலத்தையும் நீலக்கோடு வரும் இடங்களையும் குறித்து, துணி ஓரத்தில் குண்டூசியால் குத்திக்கொண்டே போனால், உருளையில் சுற்றிப் போன பகுதியை அவிழ்த்து அளக்க வேண்டியதில்லை. அளக்கும்போது மட்டும் பாவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதல் துண்டு முடிந்ததும் வேறு நிறத்தில் இரண்டு வரி ஓட்டி இரண்டாவதைத் தொடங்குங்கள். பின்னால் வெட்டுவது அந்தக் கோட்டில்தான்.

நாடாவில் நூல் தீர்ந்தால் பழைய நுனியையும் புதிய நுனியையும் ஒரே வழியில் இரண்டு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்றாக ஓட்டினால் போதும். முடிச்சு வேண்டாம். ஓரத்திலும் செய்ய வேண்டாம், கொஞ்சம் உள்ளே தள்ளிச் செய்யுங்கள்.

பாவில் ஓர் இழை அறுந்தால் பதற ஒன்றுமில்லை. அறுந்ததைப் பின்னால் தள்ளிவிட்டு, அதே நீளத்தில் புது இழை வெட்டி, அதே கண்ணில் அல்லது இடுக்கில் கோத்து, முன் முனையைத் துணியில் குத்திய குண்டூசியில் எட்டுப் போலச் சுற்றுங்கள். பின் முனையைத் தறிக்குப் பின்னால் தொங்கவிட்டு, மற்ற இழைகள் அளவுக்கு இழுபடுகிற மாதிரி ஏதாவது கனம் கட்டுங்கள். நான் கட்டுவது பழைய பூட்டு. இறக்கிய பிறகு நுனிகளை ஊசியால் உள்ளே கோத்துவிடலாம்.

அன்றைய வேலை முடிந்தால் பாவைத் தளர்த்திவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் இறுக்கியதும் உள்ளங்கையை ஒரு தடவை ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இறக்கியபின்

அச்சுக்குப் பின்னால் பாவின் முடிச்சு வந்து, வழி சரியாகத் திறக்காத நிலை வரும்போது நெசவு முடிந்தது. கடைசியிலும் பழைய நூலில் ஓர் அங்குலம் நெய்து, பிறகு வெட்டி இறக்குங்கள். இரண்டு துண்டையும் இப்போது பிரிக்க வேண்டாம். வெட்டப்போகும் கோட்டின் இரு பக்கமும், இரண்டு முனையிலும் இயந்திரத்தில் வளைதையல் (ஜிக்ஜாக்) ஓட்டிவிட்டு அப்படியே துவையுங்கள்.

கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு அரை மணி ஊறவிடுங்கள். முதலில் துணி மிதக்கும், தண்ணீர் உள்ளே போகாது. பருத்தியில் இயல்பாகவே ஒரு மெழுகு இருக்கிறது, சலவை செய்யாத கோரா நூலில் அது அப்படியே இருக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் அதைக் கரைத்தால்தான் துணி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். கையால் நன்றாகக் கசக்கி அலசி, நிழலில் காயப்போடுங்கள். தறியில் வலையாக இருந்தது இப்போது துணியாகியிருக்கும். ஊடும் பாவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும், அகலம் பதினாறு சொச்சம் வந்திருக்கும். கொஞ்சம் ஈரமிருக்கும்போதே இஸ்திரி போட்டு, வளைதையலுக்கு நடுவே வெட்டி, பழக நெய்த பகுதியையும் நீக்கிவிட்டு, ஒற்றை நூல் பகுதியை அரை அங்குலமாக இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள்.

மூன்றாவது நான்காவது துவையலுக்குப் பிறகுதான் துண்டு முழு மென்மைக்கு வரும். துணி மணக்கப் போடுகிற கண்டிஷனரை இதில் ஊற்றாதீர்கள், இழைமேல் படிந்து உறிஞ்சுவதைக் குறைக்கும்.

அடுத்த பாவை இதே நிறத்தில், இதே அகலத்தில் போடுவதாக இருந்தால் அச்சிலிருந்து பழைய இழைகளை உருவிவிடாதீர்கள். தறிக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கோப்பதில்லை. பழைய பாவின் முனையோடு புதியதை இழைக்கு இழை பிணைத்து, அப்படியே இழுத்துக்கொள்வார்கள். நாமும் 216 முடிச்சுப் போட்டால் கண்ணில் கோக்கும் வேலை மிச்சம். முடிச்சு சின்னதாக இருக்கட்டும், கண்ணைத் தாண்ட வேண்டும்.

அப்படிச் செய்யாவிட்டால் பின்னால் ஒன்றரை அடி நீளத்தில் 216 இழை மிஞ்சும். வெள்ளை இழைகளை மட்டும் தனியே எடுத்து, நான்கைந்தாகச் சேர்த்து உள்ளங்கையில் வைத்து உருட்டி, அளவாக வெட்டிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் நனைத்தால் அகலுக்குத் திரி. நீல இழை திரிக்கு வேண்டாம், அதைக் கறிவேப்பிலைக் கொத்து கட்ட வைத்துக்கொள்கிறேன்.